தூணைப் பற்றியவர் யார்?

கரும்பலகை: ஏழாம் வகுப்பின் 'புலி தங்கிய குகை' பாடலுக்கு (புறநானூறு 86) முல்லைக்கொடி எழுதிய விளக்கத்தில், தாய் துயரம் தாங்காமல் வீட்டுத் தூணைப் பற்றி நிற்கிறாள் என்றும், அத்தூண் மகனின் குறியீடு என்றும் இருப்பதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டேன். 'சிற்றில் நற்றூண் பற்றி நின்மகன் யாண்டுளனோ எனவினவுதி' என்பது பாட்டு; சிறிய வீட்டின் நல்ல தூணைப் பற்றிக்கொண்டு 'உன் மகன் எங்கே' என்று நீ கேட்கிறாய் என, வந்தவளிடம் தாய் சொல்கிறாள். பற்றியவரும் வினவியவரும் ஒருவரே; அவர் தாய் அல்லர்.

முல்லைக்கொடி: தங்கள் இலக்கணப் புலமைக்கு என் வணக்கம். வந்தவளே பற்றினாள் என்று வைத்துக்கொண்டாலும், சிறிய வீட்டில் தூணை மட்டும் நல்ல தூண் என்று புலவர் காவற்பெண்டு பாடியது வீட்டைத் தாங்கும் பிள்ளையை நினைவூட்டாதா?

கரும்பலகை: வைத்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை, தூணைப் பிடித்தவள் அயலாள். தாயோ வீட்டை ஒரு பொருட்டாகவே கொள்ளாமல், புலி தங்கிச் சென்ற கற்குகையாகத் தன் வயிற்றைச் சுட்டி, மகன் போர்க்களத்தில் தோன்றுவான் என்கிறாள். அவன் இருந்த வீடு அந்த வயிறுதான். தூணைத் தாயின் கையில் கொடுத்துவிட்டால் அவளுடைய செருக்குப் போய் அழுகைதான் மிஞ்சும். பிறகு இப்பாட்டுக்கு வெற்றியைப் பாடும் வாகைத் திணை எதற்கு, மறக்குடியின் வீரத்தைப் புகழும் ஏறாண் முல்லைத் துறை எதற்கு?

ஏட்டுச்சுரை: புலி குகைக்குத் திரும்புமா, திரும்பாதா? புலி போய்விட்ட குகையை 'வீடு' என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் உண்டா?

கரும்பலகை: புலியைப் பிறகு பார்க்கலாம். தூணைப் பற்றியவர் யார் என்பதற்கு முதலில் விடை வரட்டும்.

முல்லைக்கொடி: பாரி மகளிர் பாடிய 'அற்றைத் திங்கள்' பாட்டைப் பற்றிய விவாதத்திலும் தாங்கள் இப்படித்தான் நடந்துகொண்டீர்கள். முதலில் தந்தையும் பிறகு குன்றும் என்றிருந்த வரிசை, பாட்டின் பிற்பாதியில் குன்று முன்னும் தந்தை பின்னுமாக மாறுவதைச் சுட்டியது நான்; அதைத் தம் கண்டுபிடிப்பாக வெளியிட்டுப் பாராட்டு வாங்கியவர் தாங்கள்.

கரும்பலகை: பாட்டைப் படிக்கும் எவர் கண்ணிலும் படுகின்ற ஒன்றுக்குக் காப்புரிமை கோர வேண்டாம். பேச்சை மாற்றாமல் தூணுக்கு வாருங்கள்.

ஏட்டுச்சுரை: என் புலியை யாரும் கண்டுகொள்ளவில்லை.

முல்லைக்கொடி: கவிதையை எலும்பெண்ணிப் படிப்பவர்களுக்கு வீடும் விளங்காது, தாயும் விளங்கமாட்டாள். என் விளக்கத்தில் ஓர் எழுத்தையும் மாற்றப் போவதில்லை.

கரும்பலகை: மாற்ற வேண்டாம். 'வினவுதி' என்பதற்கு எழுவாய் எது என்று மட்டும் அதே பக்கத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.