ஏற்காட்டு ரத்த மாதிரிகளில் மட்டும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற புரதம் கூடுகிறது: பயோமார்க்கரா (நோயைக் காட்டும் அடையாளமா), பிழையா?

அடிவாரம்:
சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே காட்டும் ரத்தப் புரதங்களைத் தேடுகிறோம். நோயாளிகள் 30 பேரும் ஏற்காட்டுப் பக்கம், ஒப்பீட்டுக்கு எடுத்த 30 பேரும் சேலம் டவுன். ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாய், ஐஸ் பெட்டியில் கீழே கொண்டுவந்து சென்ட்ரிஃபியூஜில் 3500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), 10 நிமிடம். புரதங்களை நிறையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் நோயாளிகளிடம் கூடியவை கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 1, பெராக்ஸிரெடாக்ஸின் 2, பிளேட்லெட் ஃபேக்டர் 4. இவற்றை எலிசாவில் (ஆன்டிபாடி கொண்டு குறிப்பிட்ட புரதத்தை அளக்கும் சோதனை) உறுதிசெய்யப் போகலாமா? ரத்தத்தில் மிகுதியாக உள்ள அல்புமின் புரதத்தை நீக்கும் கார்ட்ரிட்ஜ் போட்டால் இன்னும் தெளிவாகுமா?

சுழலி:
எலிசா கிட் வாங்கிவிடாதீர்கள். முதல் இரண்டும் சிவப்பணுவுக்குள் இருப்பவை, மூன்றாவது தட்டணு கொட்டுவது. பிரிக்காத ரத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி இறங்கியிருக்கிறது. ஐஸ் வேறு, குளிர் பட்டாலே தட்டணு கிளர்ந்துவிடும். மீதமுள்ள பிளாஸ்மா (அணுக்கள் நீக்கிய ரத்த நீர்) 414 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து பாருங்கள், உடைந்த சிவப்பணுவின் ஹீமோகுளோபின் கசிவு தெரிந்துவிடும். இளஞ்சிவப்பாக இல்லையே என்று கண்ணை நம்ப வேண்டாம்.

சென்ட்ரிஃபியூஜை மலைக்கு ஏற்றுங்கள். குத்திய ஒரு மணி நேரத்துக்குள், அறை வெப்பத்திலேயே, 2000 ஜி (புவியீர்ப்பைப் போல 2000 மடங்கு விசை), 10 நிமிடம். (ஆர்பிஎம் மட்டும் சொன்னால் போதாது: ரோட்டர் ஆரம் 10 செ.மீ. என்றால் 3500 என்பது சுமார் 1370 ஜி, 15 செ.மீ. என்றால் 2050.) வெள்ளணுப் படலத்துக்கு மேல் அரை செ.மீ. விட்டுவிட்டு உறிஞ்சி, இன்னொரு முறை 2500 ஜி, 15 நிமிடம். 200 மைக்ரோலிட்டராகப் பிரித்து உலர்பனியில் இறக்குங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். கார்பன் டை ஆக்சைடு புகுந்தால் பிஎச் இறங்கும்.

டிரிப்சின்தாசன்:
கார்ட்ரிட்ஜ் இந்தச் சிக்கலுக்கு மருந்தல்ல. பிளாஸ்மா புரதத்தில் பாதிக்கு மேல் அல்புமின், மில்லிலிட்டருக்கு 35 முதல் 50 மில்லிகிராம். அதை எடுத்தால் அடியில் கிடக்கும் சிறு புரதங்கள் தெரியும், உண்மைதான். ஆனால் அல்புமினோடு ஒட்டியவையும் சேர்ந்து போய்விடும். உடைந்த சிவப்பணுவின் சரக்கோ அப்படியே நிற்கும்.

புரதத்தை யூரியா 8 மோலாரில் கரைத்தால் 37 டிகிரிக்கு மேல் சூடாக்காதீர்கள், கார்பமைலேற்றம் (யூரியா சிதைந்து புரதத்தில் ஒட்டிக்கொள்வது) வரும். டிரிப்சின் (புரதத்தைத் துண்டாக்கும் நொதி) போடுமுன் 1 மோலாருக்குக் கீழே நீர்த்துவிடுங்கள். 50 பங்கு புரதத்துக்கு 1 பங்கு டிரிப்சின், இரவு முழுக்க 37 டிகிரி. எல்லா மாதிரியிலும் கொஞ்சம் கலந்து ஒரு பொதுக் கலவை செய்து, பத்து ஓட்டத்துக்கு ஒருமுறை அதை ஓட்டுங்கள், கருவியின் அளவீடு நகர்கிறதா என்று தெரியும்.

அடிவாரம்:
நன்றிங்க. 414 இன்றே பார்க்கிறேன். பழைய 60 மாதிரிகளைக் கணக்கில் சரிசெய்ய முடியாதா?

சுழலி:
முடியாது. நோயாளி என்றாலே மலை, ஒப்பீடு என்றாலே டவுன்; எந்தப் புள்ளியியலும் இரண்டையும் பிரிக்காது. டிரிப்சினால் புரதத்தைத் துண்டாக்கிப் பழக மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எடுக்கும்போது இரு ஊரிலும் இரு வகையினரும் வேண்டும், ஓட்டும் வரிசையைக் குலுக்கிப் போட வேண்டும். ஒப்பீட்டில் சிறுநீரகம் நன்றாக இருக்கும் சர்க்கரை நோயாளிகளே இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் கண்டுபிடிப்பது சர்க்கரையைத்தான். அழற்சியில் ஏறும் புரதங்களான சிஆர்பி, சீரம் அமிலாய்ட் ஏ மேலே வந்தாலும் துள்ளாதீர்கள், சாதாரணக் காய்ச்சலுக்கே அவை ஏறும்.