கிலாவேயா எரிமலையை எந்தக் காட்சிமுனையிலிருந்து பார்ப்பது?

கேள்வி: வரும் அக்டோபரில் அம்மாவுடன் ஹவாய்ப் பெருந்தீவில் நான்கு நாட்கள் இருப்பேன். கிலாவேயாவின் உச்சியிலுள்ள ஹலேமாவுமாவு பள்ளத்தில் தீக்குழம்பு பீறிட்டெழுவதைக் காண்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அவருக்கு வயது 72, மூச்சிரைப்பும் உண்டு. அதிகம் நடக்காமல் பார்க்கத் தகுந்த இடம் எது? அருகிலுள்ள ஹீலோ நகரில் ஓரிரவு தங்கினால் போதுமா?

பதில் 1: ஓரிரவு போதாது. 2024 டிசம்பர் 23 அன்று தொடங்கிய இந்த வெடிப்பு தொடர்ச்சியானதன்று; சில மணி நேரம் பீறிட்டு, பிறகு நாட்கணக்கில், சிலசமயம் வாரக்கணக்கில் அடங்கிவிடுகிறது. நிலம் உப்புவதைச் சாய்வுமானிகளால் அளந்து, அடுத்த பீறிடல் எந்நாட்களுக்குள் வரக்கூடும் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் முன்கூட்டியே அறிவிக்கிறது. அதையும் அவர்களுடைய நேரலைக் கேமராக்களையும் பார்த்துக்கொண்டிருங்கள். எரிமலை அமைந்துள்ள தேசியப் பூங்கா இரவு பகலாகத் திறந்திருப்பதால் நள்ளிரவிலும் கிளம்பலாம்.

பதில் 2: கேயானாகாகோயி முனையிலிருந்து காட்சி அருமைதான், ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு ஏறத்தாழ 1.6 கி.மீ. நடந்து, அதே தொலைவு திரும்ப வேண்டும். அம்மாவுக்கு உவேகஹுனா முனையே ஏற்றது. வண்டி நிறுத்துமிடம் அருகிலேயே இருக்கிறது. எனினும் நான் முதலில் கவனிப்பது காற்றைத்தான். வழக்கமான வடகிழக்குக் காற்று கந்தக டை ஆக்சைடைத் தென்மேற்கே தள்ளிவிடும். காற்று திசைமாறித் தெற்கிலிருந்து வீசினாலோ, புகையோடு ‘பெலேயின் கூந்தல்’ எனப்படும் கண்ணாடி இழைகளும் பார்வையாளர்கள் மேல் விழக்கூடும். அன்று அம்மாவை அழைத்துச் செல்லாதீர்கள், பீறிடல் எத்தனை உயரம் போனாலும் சரி. 1,200 மீட்டர் உயரம் என்பதால் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் வேண்டும்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. நாங்கள் இருக்கும் நாட்களில் எரிமலை அடங்கிக் கிடந்தால்?

பதில் 3: அப்போதும் போங்கள். 2018இல் இப்பள்ளத்தின் அடித்தளம் சுமார் 500 மீட்டர் சரிந்தது; உவேகஹுனாவில் இருந்த அருங்காட்சியகக் கட்டடம் அதனால் சேதமடைந்து, பின்னர் அகற்றப்பட்டது. 2019இல் பள்ளத்தின் அடியில் நீர் ஊறி ஏரியாகி, 2020 டிசம்பர் 20 இரவு பாய்ந்த தீக்குழம்பில் கொதித்து ஆவியாகிப் போனது. இன்று கண்ணில் படும் கருந்தரை அந்த ஏரியை மூடி அடுக்கடுக்காக உயர்ந்தது. இருட்டிய பின் அங்கே நின்றால், அடங்கிய நாட்களிலும் சிலசமயம் தீக்குழம்பு வெளிவரும் துளைவாயில் செவ்வொளி தெரியும்.

கேள்வி கேட்டவர்: ஹீலோ விடுதியை மூன்று இரவுகளாக மாற்றிவிட்டேன். இன்ஹேலரை இரண்டாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார் அம்மா.