237ஆம் மரம்

குலசேகரம் பக்கம் மாமாவுக்கு மூன்று துண்டாக ரப்பர் தோட்டம். மரத்துக்கு மரம் பெயிண்டில் எண் போட்டிருக்கிறது. மழைக்கு முன்னால், பாலுக்காகச் சீவும் வெட்டுப்பட்டைக்கு மேலே பிளாஸ்டிக் ஒட்ட வேண்டும். ஒட்டியதை டிக் அடிக்க ஒரு பட்டியல் கேட்டார். 2017 நவம்பரில் ஒக்கி புயலில் சாய்ந்த மரங்களின் எண் மட்டும் வரக்கூடாது. எனக்கு ஆர் (R) என்ற கணினி நிரல் மொழி பழக்கம், அதிலேயே போட்டேன்.

முதல் தோட்டம் 1 முதல் 180 வரை. விழுந்தது 37. 1:180 என்று வரிசையை உண்டாக்கி, சதுர அடைப்புக்குள் -37 கொடுத்தேன். 37 போய்விட்டது. (பைத்தான் என்ற இன்னொரு நிரல் மொழியில் பழகியவர்கள் கவனிக்க: அங்கே -37 என்றால் கடைசியிலிருந்து 37ஆவது.)

இரண்டாவது 201 முதல் 320 வரை, விழுந்தது 237. அதே மாதிரி -237 கொடுத்தேன். பிழை என்று ஒன்றும் வரவில்லை, அச்சிட்டுக் கொடுத்துவிட்டேன். சாயந்திரம் மாமா போன் செய்தார். "மக்களே, 237 ஒக்கியிலயே சாஞ்சாச்சே, அதுக்கு எதுக்கு பிளாஸ்டிக்?"

அந்தக் கழித்தல் குறி எண்ணைப் பார்ப்பதில்லை, இடத்தைப் பார்க்கிறது. அந்த வரிசையில் இருப்பதே 120 இடம்தான். 237ஆவது இடம் இல்லாததால் ஒன்றையும் நீக்காமல் அப்படியே விட்டிருக்கிறது. முதல் வரிசை 1இல் தொடங்கியதால் இடமும் எண்ணும் ஒன்றாக இருந்தன, நானும் நம்பிவிட்டேன்.

சரி என்று, விழுந்த எண்கள் நிற்கும் இடத்தை 'விச்' (which) என்ற கட்டளை மூலம் கண்டுபிடித்து அதற்கு முன்னால் கழித்தல் குறி போட்டேன். இரண்டு தோட்டத்துக்கும் சரியாக வந்தது. மூன்றாவதில் ஒரு மரமும் விழவில்லை. அதே வரியை ஓட்டினால் பட்டியலே காலி! 90 மரத்தில் ஒன்றுகூட இல்லை. எனக்குப் பகீரென்றது. தேடியது கிடைக்காவிட்டால் விச் வெற்று வரிசையைத் தருகிறது. வெறுமைக்கு முன்னால் கழித்தல் போட்டாலும் வெறுமைதான். அதை அடைப்புக்குள் கொடுத்தால் 'ஒன்றையும் தேர்ந்தெடுக்காதே' என்று ஆகிவிடுகிறது.

அப்புறம்தான் 'செட்டிஃப்' (setdiff) என்ற கட்டளை பக்கம் போனேன். முழு வரிசையையும் விழுந்த எண்களையும் கொடுத்தால் போதும். எண்ணை எண்ணாகவே பார்த்து நீக்குகிறது, நீக்க ஒன்றும் இல்லையென்றால் முழுதாகத் தருகிறது. திரும்ப வரும் எண்களை ஒன்றாக்கிவிடும் என்பது உண்மை, ஆனால் மர எண் இரண்டு முறை வராது.

இந்தத் தடவை ஒவ்வொரு பட்டியலிலும் எத்தனை எண் என்று 'லெங்த்' (length) போட்டுப் பார்த்தேன். 179, 119, 90 என்று வந்த பிறகுதான் தாளை அச்சிட்டேன்.