செட்ஜ்விக்கைத் தடுத்தது பாதிரியார் அங்கியா?

பொருநை:
பாதிரியாரான ஆடம் செட்ஜ்விக் 1818இல் கேம்பிரிட்ஜில் நிலவியல் பேராசிரியர் ஆனவர். 1835இல் கேம்பிரியன் என்ற பழம்பாறைக் காலத்துக்குப் பெயர் வைத்தவர். அதே மனிதர், தன்னிடம் பாறை படிக்கக் கற்ற டார்வினின் பரிணாம நூல் 1859இல் வெளிவந்ததும், அதைப் படித்து இன்பத்தைவிட வேதனையே அடைந்தேன், சில பகுதிகளில் விலா நோகச் சிரித்தேன் என்று அவருக்கே கடிதம் எழுதினார். சுத்தியலை அங்கி வென்றுவிட்டது.

கல்லாடன்:
1831ஐ மறந்துவிட்டீர்களே! சரளைப் படிவுகளெல்லாம் வேதாகமம் சொல்லும் நோவா காலத்து வெள்ளம் விட்டுச்சென்றவை என்று அவரும் நம்பியிருந்தார். அவை ஒரே வெள்ளத்தால் வந்தவை அல்ல என்று புரிந்ததும், லண்டன் நிலவியல் சங்கத் தலைவராக இருந்தபோதே, சபையறியத் தன் கருத்தைத் திரும்பப் பெற்றார். அன்றும் அவர் பாதிரியார்தான்.

பொருநை:
நோவாவை விட்டார், சரி. மனிதனை விட்டாரா? பொருளுலகுக்கும் அறவுலகுக்கும் உள்ள பிணைப்பை அறுத்தால் மனிதகுலம் விலங்கு நிலைக்குத் தாழ்ந்துவிடும் என்றல்லவா அதே கடிதத்தில் அஞ்சுகிறார்? இதில் பாறை எங்கே இருக்கிறது?

கல்லாடன்:
அந்த வரிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தின் முதல் குற்றச்சாட்டு வேறு: சான்றுகளிலிருந்து படிப்படியாக முடிவுக்கு ஏறும் வழியை டார்வின் கைவிட்டார் என்பது. சான்றுகளின் வழியே ஏறுவதுதான் செட்ஜ்விக்கின் பழக்கம். ஷ்ரூஸ்பரி அருகே சரளைக்குழியில் ஒரு தொழிலாளிக்கு வெப்பமண்டலச் சங்கு கிடைத்ததாக இளம் டார்வின் உற்சாகத்தோடு சொன்னபோது, யாரோ எறிந்திருப்பார்கள் என்று முடித்துவிட்டார். அது உண்மையிலேயே அங்கே படிந்ததென்றால், அந்த வட்டாரப் படிவுகளைப் பற்றி அறிந்ததெல்லாம் கவிழ்ந்துவிடுமாம். ஒற்றைச் சங்கை நம்பி அவர் எதையும் கவிழ்க்க மாட்டார்.

தொண்டி:
இருவரும் அங்கியையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். சக நிலவியலாளர் மர்ச்சிசனோடு செட்ஜ்விக்குக்கு நடந்த சண்டையைப் பாருங்கள். வேல்ஸ் பாறைகளில் கேம்பிரியன் எங்கே முடிகிறது, அதற்குப் பிந்தைய சைலூரியன் எங்கே தொடங்குகிறது என்ற எல்லைத் தகராறு; கூடித் திரிந்த நண்பர்கள் பகைவர்களானார்கள். அதில் வேதாகமத்துக்கு என்ன வேலை? இருவரும் இறந்த பிறகு, 1879இல், லாப்வொர்த் என்ற நிலவியலாளர் அந்த இடைப்பட்ட அடுக்குகளுக்கு ஆர்டோவிசியன் என்று தனிப்பெயர் கொடுத்துத்தான் பஞ்சாயத்தை முடித்தார். செட்ஜ்விக் பிடிவாதக்காரர், அவ்வளவுதான்.

பொருநை:
பிடிவாதம் என்றால் 1831இல் மட்டும் எப்படி இறங்கி வந்தார்?

தொண்டி:
அப்போது அவருக்கு 45 வயது. டார்வின் நூல் வந்தபோது 74.

கல்லாடன்:
வயதைக் காட்டி மடக்குவது நியாயமில்லை, தொண்டி. அதே 1831 ஆகஸ்டில் ஆசிரியரும் மாணவரும் வட வேல்ஸில் கும் இட்வால் பள்ளத்தாக்கைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். கண்முன்னே கிடந்த பனியாற்றுத் தடயங்கள் இருவருக்குமே தெரியவில்லை. டார்வினுக்கு அப்போது 22 வயது.

பொருநை:
இதை ஏற்கிறேன். அந்தக் கடிதத்தின் முடிவில் தன்னைக் 'குரங்கின் மகன், உங்கள் பழைய நண்பன்' என்று கிழவர் கேலியாகக் குறிப்பிட்டிருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறவுலகு பற்றிய வரிகளுக்கு மட்டும் இன்னும் எனக்குப் பதில் வரவில்லை.