கடைசி வளையத்தில் முடிச்சுப் போட்டால் அதுதான் பாதுகாப்பாம்!

நூல்கண்டு:
நேத்து ஒரு வீடியோ பார்த்தேன். தலைப்பு: "பட்டறையில் பாதுகாப்பாக ரோமன் பிளைண்ட் தைப்பது எப்படி". கயிறை இழுத்தா மடிப்பு மடிப்பா மேல ஏறற ஜன்னல் திரைதான் அது, பின்பக்கம் வரிசையா வளையம் தைச்சிருக்கும். முக்கால் மணி நேரம் ஓடுது. விரலுக்குக் காப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, அயர்ன் பாக்ஸுக்கு ஸ்டாண்டு, எல்லாம் வருது. கடைசியில அந்த மனுஷன் சொல்றார்: "பின்பக்கக் கயிறைக் கீழ் வளையத்துல இரட்டை முடிச்சு போட்டு, மேல ஒரு சொட்டு பசை வையுங்க. ஆயுசுக்கும் அவிழாது. அதுதான் பாதுகாப்பு."

வயித்தெரிச்சலா இருந்தது. அவிழாம நிக்கறதுதானே அதுல ஆபத்தே! கயிறு மேல்சட்டத்துலேருந்து இறங்கி, ஒவ்வொரு வளையமா நுழைஞ்சு, கீழ் வளையத்துல போய் முடியுது. ஒரு குழந்தை திரைக்குப் பின்னாடி போய் ரெண்டு வளையத்துக்கு நடுவுல இருக்கற கயிறைப் பிடிச்சு இழுத்தா, திரையோட அடி மேல ஏறும், கயிறு சுருக்கா வெளியே வரும். கழுத்து மாட்ட அது போதும். 2009 டிசம்பர்ல அமெரிக்காவுல 5 கோடி ரோமன் பிளைண்டையும் சுருட்டற திரையையும் திரும்பப் பெறச் சொன்னாங்களே, சும்மாவா? பாரம் விழுந்தா தானா கழன்றுக்கற பிளாஸ்டிக் இணைப்பு இருக்கு. கீழ் வளையத்துல முடிச்சுக்குப் பதிலா அதைப் போடணும். யாராவது அந்த ஆளுக்குச் சொல்லுங்க.

ஊசிக்காரர்:
தம்பி, அந்த ஆள் சொன்னது நூத்துக்கு நூறு சரி. 22 வருஷமா திரை தைக்கிறேன். என் முடிச்சு ஒண்ணு அவிழ்ந்ததா இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து நின்னதில்லை. தானா கழர்ற திரையைத் தைச்சுக் கொடுத்தா அதுக்குப் பேரு தையல் இல்லை, தண்டம்.

பாதுகாப்புன்னா என்னன்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க. கிளட்ச் மோட்டார் மிஷின்ல உட்கார்ந்திருக்கீங்களா? சுவிட்சை அணைச்ச பிறகும் மோட்டார் கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டே இருக்கும். அணைச்சாச்சேன்னு நூல் கோர்க்கக் குனிஞ்சேன், கால் மிதியில பட்டுச்சு. ஊசி ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைச்சு, முனை உள்ளேயே ஒடிஞ்சு நின்னுச்சு. நகத்துக்கு அடியில கருப்பா ஒரு புள்ளி. இன்னைக்கும் ஈரத்துணி பட்டா அந்த இடம் மட்டும் சுருக்குன்னு இழுக்கும். அது பாதுகாப்பைப் பத்தின பேச்சு. நீங்க பேசறது பொம்மை விளையாட்டு.

நூல்கண்டு:
அண்ணே, உங்க விரலுக்கு வருத்தம்தான். நான் சொன்னது திரையோட பாதுகாப்பு. நீங்க சொல்றது தைக்கறவரோட பாதுகாப்பு. ரெண்டும் வேற.

ஊசிக்காரர்:
ஒண்ணுதான். முடிச்சு முடிச்சுதான்.

மூன்றாம்வளையம்:
ஊசிக்காரர் ஐயாவுக்கு வணக்கம். வாய்ப்பேச்சு வேண்டாம் என்று நேற்று மாலை சோதித்தே பார்த்துவிட்டேன். தண்ணீர் நிரப்பிய 6 லிட்டர் கேன், அதாவது 6 கிலோ. கயிற்றில் கட்டி மெல்லக் கையை விட்டேன். கழலும் இணைப்பு 'டக்' என்று பிரிந்தது, கேன் விரிப்பின் மேல் விழுந்தது. அதே கயிற்றில் இரட்டை முடிச்சும் பசையும் போட்டுத் தொங்கவிட்டேன். கேன் தொங்கிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தேன், அப்போதும் தொங்கியது. அந்தக் கேன் இருந்த இடத்தில் ஒரு குழந்தையை வைத்துப் பாருங்கள். ஜன்னல் உள்திரைகளுக்கான ஐரோப்பாவின் ஈ.என் 13120 தரத்தை 2014-ல் திருத்தியபோது கழலும் இணைப்புக்கு இந்த 6 கிலோ கணக்கைத்தான் வைத்தார்கள்.

ஊசிக்காரர்:
பாத்தீங்களா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க. முடிச்சு ஒரு மணி நேரம் அசையாம நின்னுச்சாம். நான் 22 வருஷமா சொல்றதும் அதேதான். நன்றி, அக்கா.

மூன்றாம்வளையம்:
நான் சொன்னது அதற்கு நேர் எதிர்!

கோணல்தையல்:
ஹாஹா. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறதுல அண்ணனை அடிச்சுக்க ஆளே இல்லை. அந்த முடிச்சும் அவிழாது.

ஊசிக்காரர்:
கோணல்தையல், உம்ம பேரே உம்ம வேலையைச் சொல்லுது. போன மாசம் மடிப்புக் கணக்கு கேட்டவருக்கு ஒன்பதால வகுக்கச் சொல்லி ஒரு திரையைப் பாழாக்கினது நீர்தானே? அதை நான் இன்னும் மறக்கலை.

கோணல்தையல்:
பாழாக்கலை, கணக்கு சரி. முழுசா இறக்கின திரையோட உயரம் 150 சென்டிமீட்டர். மேல 6 விட்டா மீதி 144. ஒன்பதால வகுத்தா 16. அடிப்பட்டை 16, அதுக்கு மேல 32, 32, 32, 32. கூட்டிப் பாருங்க, 144 வரும். மடிக்கும்போது அடிப்பட்டையும் மடிப்பும் ஒரே கோட்டுல நிக்கும். இதுல எங்க தப்பு?

ஊசிக்காரர்:
ஒரே கோட்டுல நிக்கறதுதான்யா தப்பு. அடிப்பட்டையை ரெண்டு சென்டிமீட்டர் கூட விட்டாத்தான் மேல ஏத்தினப்புறம் அது மடிப்புக்குக் கீழ கொஞ்சம் எட்டிப் பார்க்கும். இல்லைன்னா எல்லாம் ஒண்ணா சேர்ந்து துணி மூட்டை மாதிரி தெரியும். இதைக் கூட தெரியாதவங்க முடிச்சைப் பத்திப் பேச வந்துட்டாங்க.

கோணல்தையல்:
அது ரசனையைப் பொறுத்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னு சொன்ன கதை. அண்ணே, துணியோட குறுக்கு மூலை ரெண்டையும் அளந்து பார்த்திருக்கீங்களா? ரெண்டும் சமமா இல்லைன்னா நீங்க எத்தனை சென்டிமீட்டர் கூட விட்டாலும் திரை ஒரு பக்கம் தொங்கும்.

ஊசிக்காரர்:
மூலை அளக்க எனக்குச் சொல்லித்தர்றார்! குறுக்கா ஓடற ஊடு நூல் ஒண்ணை உருவி, அந்தக் கோட்டுல வெட்டறவன் நான். நீர் கடையில கிழிச்சுக் கொடுத்ததை அப்படியே வெச்சுத் தைக்கறவர்.

புதுவரவு:
வணக்கம். நான் இப்பத்தான் முதல் திரை தைக்கிறேன். மடிப்பு நேரா நிக்கறதுக்காகத் துணிக்குள்ள சொருகற ஃபைபர் கிளாஸ் குச்சியை ரம்பத்தால வெட்டினேன். உள்ளங்கை முழுக்க கண்ணுக்கே தெரியாம முள் முள்ளா குத்துது. என்ன செய்யணும்?

நூல்கண்டு:
விஷயத்துக்கு வருவோம். ஊசிக்காரர் அண்ணே, நேரா ஒரு கேள்வி. குழந்தை இருக்கற வீட்டுக்கும் முடிச்சுதானா?

ஊசிக்காரர்:
முன்பக்க இழுகயிறுக்குச் சுவத்துல கொக்கி அடிக்கறோம் இல்ல? தரையிலேருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல அடிச்சு, கயிறை அதுல சுத்தி வெச்சுட்டா குழந்தைக்கு எட்டாது. முடிஞ்சது கதை. பின்னாடி எதுக்குக் கழரணும்?

நூல்கண்டு:
கொக்கியில சுத்தறது முன்கயிறு. நான் பேசறது பின்கயிறு. முன்னாடி எவ்வளவு உயரத்துல சுத்தினாலும் திரை இறங்கியிருக்கும்போது பின்கயிறு திரையோட அடி வரைக்கும் வந்து நிக்குது.

ஊசிக்காரர்:
கயிறு ஒண்ணுதான். முன்னாடி போற கயிறுதான் பின்னாடியும் வருது. பிரிச்சுப் பேசாதீங்க.

மூன்றாம்வளையம்:
கயிறு ஒன்று என்பதால்தான் ஆபத்து, ஐயா. மேல் முனை கொக்கியில் இறுகியிருக்கிறது, கீழ் முனை முடிச்சில் இறுகியிருக்கிறது. நடுவில் இழுத்தால் விட்டுக்கொடுப்பது துணி மட்டுமே. கீழ் முனை கழன்றால் கயிறு வளையங்களுக்குள் வழுக்கி வந்துவிடும், சுருக்கு விழாது. கழன்ற இணைப்பை மறுபடி அழுத்தி மாட்ட இரண்டு விநாடி.

ஊசிக்காரர்:
ஆறு கிலோவுல கழர்றது ஒரு நாள் காத்துக்கே கழரும். அப்புறம் திரை ஒரு பக்கம் தொங்கும். திட்டு யாருக்கு? தைச்சவனுக்கு.

மூன்றாம்வளையம்:
எடை போட்டுப் பார்த்தேன். என் திரை, லைனிங், குச்சிகள், அடிக்கம்பி எல்லாம் சேர்த்து 2.4 கிலோ. கயிறு 4. ஒன்றுக்கு 600 கிராம். வளைய உராய்வுக்காக இரட்டிப்பாக வைத்தாலும் 1.2 கிலோ. ஆறுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.

ஊசிக்காரர்:
கணக்கு வாத்தியார் நிறைய பேர் வந்துட்டாங்க. ஊசி பிடிச்சவங்க எத்தனை பேரு?

மட்டுறுத்துநர்:
அன்பர்களே, தனிநபர் தாக்குதல் வேண்டாம். இழையின் தலைப்பு கீழ் வளைய முடிச்சு. மடிப்புக் கணக்கைத் தனி இழையில் தொடரவும். இது என் சொந்தக் கருத்து மட்டுமே: "திரை" என்பது தொங்கவிடும் துணிக்கான சொல். மடிந்து ஏறுவதை "மடிப்புத் தட்டி" என்று சொல்லலாமே?

கோணல்தையல்:
தட்டியா? மூங்கிலா பின்றோம்?

நூல்கண்டு:
மட்டுறுத்துநரே, நீங்களுமா...

மட்டுறுத்துநர்:
பரிந்துரைதான். "மடிப்புத் திரை" என்றாலும் எனக்கு மறுப்பில்லை. "பிளைண்ட்" என்றால்தான் மறுப்பு.

ஊசிக்காரர்:
பேரு என்னவா இருந்தா என்ன, முடிச்சு முடிச்சுதான்.

கோணல்தையல்:
அண்ணே, முடிச்சை விடுங்க. அன்னைக்கு நீங்க போட்ட படத்துல பிளாக்அவுட் லைனிங் மேல குச்சி சொருகற பட்டியை மிஷின்ல அடிச்சிருந்தீங்களே. பகல்ல பார்த்தா ஒவ்வொரு ஊசி ஓட்டையிலும் வெளிச்சம் தெரிஞ்சுது, வரிசையா நட்சத்திரம் மாதிரி. இருட்டுக்குன்னு வாங்கின துணியில தீபாவளி.

ஊசிக்காரர்:
அது கேமரா வெளிச்சம். நேர்ல தெரியாது. அதுவும் நூறாம் நம்பர் ஊசி போட்டதால. தொண்ணூறு போட்டா தெரியாது. அந்தக் கனத்துக்குத் தொண்ணூறு ஒடியும்னு உமக்குத் தெரியுமா? ஒடிஞ்ச ஊசி கண்ணுக்கு வந்தா? அதான் முதல்லயே சொன்னேன், பாதுகாப்புன்னா அது. மோட்டாரை சர்வோவா மாத்துங்க, மிதிச்சாத்தான் சுத்தும். ஊசி மாத்தும்போது, நூல் கோர்க்கும்போது பிளக்கையே பிடுங்குங்க. துணி வெட்டற ரோட்டரி கட்டரைக் கீழ வெச்சா பிளேடை மூடி வையுங்க. முடியை அள்ளிக் கட்டுங்க, தொங்கற துப்பட்டாவைச் செருகுங்க. இதெல்லாம் ஒருத்தரும் பேசமாட்டீங்க. குழந்தை, குழந்தை, குழந்தை. என் பட்டறையில குழந்தையே கிடையாது!

நூல்கண்டு:
திரை பட்டறையிலேயே தொங்கப் போகுதா, அண்ணே?

மூன்றாம்வளையம்:
அமெரிக்காவில் கடையில் தயாராக விற்பவற்றுக்கு 2018 டிசம்பரிலிருந்தே எட்டும்படி தொங்கும் கயிறு கூடாது. அளவு கொடுத்துத் தைப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் 2024 ஜூனிலிருந்து தொங்கும் இழுகயிறுக்குத் தடை. உலகம் கயிறையே விட்டுக்கொண்டிருக்கிறது. நாம் இங்கே முடிச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஊசிக்காரர்:
உலகம் ஆயிரம் விடும். என் பேத்தி வந்தப்போ என் வீட்டுத் திரையில கயிறையே உருவிட்டேன். உலகம் சொல்லியா செஞ்சேன்?

கோணல்தையல்:
எல்லாரும் இதைப் படம் பிடிச்சு வெச்சுக்கங்க!!!

நூல்கண்டு:
அண்ணே... ஏன் உருவினீங்க?

ஊசிக்காரர்:
துணி பழசாயிடுச்சு. அதுக்காக.

நூல்கண்டு:
துணி பழசானா துணியைத்தானே மாத்துவாங்க?

ஊசிக்காரர்:
என் வீடு, என் கயிறு. வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க, அப்புறம் அதுக்கும் ஆறு கிலோ கணக்கு சொல்வீங்க. முடிச்சு தப்புன்னு நான் சொல்லவே இல்லை.

புதுவரவு:
உள்ளங்கை இன்னும் குத்துது. யாராவது?

கோணல்தையல்:
முடிச்சு போடுங்க, சரியாயிடும்.

ஊசிக்காரர்:
ஏம்ப்பா, அந்தப் பிள்ளை காலையிலேருந்து கேக்குது, ஒருத்தராவது பதில் சொன்னீங்களா? தம்பி, தேய்க்காதே. தேய்ச்சா உள்ள இறங்கும். நல்லா ஒட்டற டேப்பை உள்ளங்கையில அமுக்கி, வெடுக்குன்னு உரி. நாலஞ்சு தடவை செய். அப்புறம் சோப்புத் தண்ணி. அடுத்த தடவை வெட்டற இடத்துல முதல்லயே டேப்பைச் சுத்தி, அது மேல மெல்லிய பல் ரம்பம் வெச்சு அறு. கையுறை, மூக்குக்கு முகமூடி. வெட்டின முனையில மூடி மாட்டாம பட்டிக்குள்ள சொருகாதே, துணியைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வரும்.

மூன்றாம்வளையம்:
இது சரியான பதில்.

ஊசிக்காரர்:
இது மட்டுமா?

மட்டுறுத்துநர்:
"தட்டி" பற்றித் தனி இழை தொடங்கியுள்ளேன். ஆர்வமுள்ளவர்கள் வரவும்.

புதுவரவு:
டேப் வேலை செஞ்சுது, ரொம்ப நன்றி ஐயா. முக்கால்வாசி வந்துடுச்சு. இப்ப குச்சியெல்லாம் சொருகிட்டேன், வளையம் தைச்சுட்டேன். நாலு கயிறும் கீழ் வளையத்துல வந்து தொங்குது. இதை எப்படி முடிக்கறது?

மூன்றாம்வளையம்:
கழலும் இணைப்பு. மாட்டியதும் தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

ஊசிக்காரர்:
இரட்டை முடிச்சு. பசை ஒரு சொட்டு.