குடும்பக் குழு: இன்றிரவு சிப்பி

தம்பி, காலை 9:12
அக்கா, சிப்பி இரண்டு டஜன் வாங்கிவிட்டேன். எல்லாம் உயிரோடு இருக்கின்றன. இரவு வரை தண்ணீரில் போட்டு வைக்கட்டுமா?

நான், 9:14
வேண்டவே வேண்டாம். கடல் உயிர் அது, நல்ல தண்ணீரில் செத்துவிடும். குழிந்த ஓடு கீழே இருக்கும்படி தட்டில் அடுக்கி, ஈரத்துணி போர்த்தி ஃபிரிட்ஜில் வை. டப்பாவில் அடைத்து மூடிவிடாதே.

தம்பி, 9:15
குழிந்த பக்கம் ஏன் கீழே?

நான், 9:15
உள்ளே இருக்கும் உப்பு நீர் ஒழுகாமல் இருக்க. ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது.

மாமா, 9:31
எலுமிச்சை பிழிந்து பச்சையாகவே சாப்பிட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

நான், 9:33
மாமா, உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பச்சையாகத் தர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தம்பி, 9:34
எலுமிச்சையும் ஒயினும் சேர்ந்தால் கிருமி செத்துவிடாதா?

நான், 9:40
சாகாது. சிப்பி கடல் நீரை வடிகட்டித்தான் இரை தேடுகிறது. நீரில் இருக்கும் கிருமியும் அதன் உடம்பில் சேர்ந்துவிடும். வெதுவெதுப்பான கடலில் பெருகும் விப்ரியோ என்ற பாக்டீரியா இருந்தால் நிறத்திலோ மணத்திலோ தெரியாது. எலுமிச்சை, மிளகாய் சாஸ், மது எதுவும் அதைக் கொல்வதில்லை. சூடு மட்டுமே கொல்லும். கல்லீரல் நோய், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அது ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன்.

அத்தை, 9:42
நன்றாகச் சொன்னாய் அம்மா. நான் சொன்னால் கேட்பதில்லை.

மாமா, 9:45
சரி, கேட்கிறேன். வேகவைத்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடுமே, அதுதான் கவலை.

நான், 9:51
அளவு மீறினால்தான் அப்படி ஆகும். ஓட்டைத் தேய்த்துக் கழுவி, ஆவி நன்றாகக் கிளம்பிய பிறகே பாத்திரத்தில் வைப்பேன். ஓடு திறந்ததும் இறக்கக் கூடாது, அதற்கு மேலும் 4 முதல் 9 நிமிடம் வேக வேண்டும். சிறியதற்கு 4, பெரியதற்கு இன்னும் கொஞ்சம். நெருக்கி அடைத்தால் நடுவில் இருப்பது வேகாது என்பதால் ஆறு ஆறாக வைக்கிறேன். உப்பு சேர்க்கவே வேண்டாம்.

சித்தி, 10:20
பாதியை ஓவனில் வையேன். பூண்டு, வெண்ணெய், ரொட்டித்தூள் போட்டால் அருமையாக இருக்கும். நான்தான் வர முடியவில்லை.

நான், 10:24
வைக்கிறேன் சித்தி. ஓவனை 235 டிகிரி செல்சியஸில் வைத்து 10 நிமிடம். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து அன்டோயின்ஸ் உணவகத்தில் பிறந்த ராக்ஃபெல்லர் சிப்பியும் இந்த வகைதான். பச்சைத் தழைச் சாந்தும் ரொட்டித்தூளும் போட்டுச் சுடுவார்கள். அசல் பக்குவத்தை அவர்கள் வெளியே சொன்னதில்லை.

சித்தி, 10:26
ஓட்டைத் திறக்கும்போது கை பத்திரம்.

நான், 10:27
தடித்த துணியில் பிடித்து, கீல் இருக்கும் கூர்முனையில் குட்டைக் கத்தியை நுழைத்து மெல்லத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் உள்ளங்கையில் இறங்கிவிடும். நானே திறக்கிறேன், தம்பி தொட வேண்டாம்.

தம்பி, மாலை 5:05
ஒயின் கடையில் நிற்கிறேன். வெள்ளை ஒயினில் மஸ்கடே இருக்கிறது, ஷாப்லி இருக்கிறது, நல்ல சிவப்பு ஒன்றும் இருக்கிறது. எதை எடுக்க?

நான், 5:09
சிவப்பு வேண்டாம். அதன் துவர்ப்பு சிப்பியோடு சேர்ந்தால் வாயில் உலோகச் சுவையும் மீன் வாடையும் நிற்கும். ஆவியில் வெந்ததற்கு மஸ்கடே. பிரான்ஸில் லுவார் ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் பக்கத்து ஒயின் அது. கனமில்லாமல், எலுமிச்சை பிழிந்தது போன்ற புளிப்போடு இருக்கும். லேபிளில் 'சூர் லி' என்று இருந்தால் அதையே எடு. ஈஸ்ட் வண்டலோடு வைத்திருந்து எடுப்பதால் நாக்கில் கொஞ்சம் நிறைவாக இருக்கும். வெண்ணெய் போட்டதற்கு ஷாப்லி.

தம்பி, 5:11
ஷாப்லி என்ன திராட்சை?

நான், 5:14
ஷார்டனே. ஷாப்லி என்பது பிரான்ஸில் ஓர் ஊரின் பெயர். அந்த ஊர்த் தோட்ட மண்ணில் குட்டிச் சிப்பிகளின் புதைபடிவங்கள் கிடக்கின்றன, சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது! இதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. ஓக் மரப் பீப்பாய் மணம் தூக்கலாக இருக்கும் ஷார்டனேயை மட்டும் எடுக்காதே, சிப்பியின் ருசியை அமுக்கிவிடும்.

அத்தை, 5:20
மாமா மதுவைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நான், 5:22
மாமாவுக்கு எலுமிச்சை பிழிந்த சோடா, சர்க்கரை இல்லாமல். உப்பையும் கொழுப்பையும் அறுக்கப் புளிப்புதானே வேண்டும், அது சோடாவிலும் உண்டு.

தம்பி, 6:40
அக்கா, மூன்று சிப்பி வாய் பிளந்து கிடக்கின்றன.

நான், 6:41
ஓட்டை விரலால் தட்டிப் பார். மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது.

தம்பி, 6:43
இரண்டு மூடிவிட்டன. ஒன்று அசையவில்லை.

நான், 6:43
அதை எறிந்துவிடு. வெந்த பிறகும் திறக்காதது இருந்தால் அதுவும் குப்பைக்குத்தான். ஒயினை 8 முதல் 10 டிகிரி வரை குளிரவிடு, அதற்கும் கீழே போனால் மணம் அடங்கிவிடும்.

சித்தி, இரவு 9:48
என்ன ஆயிற்று? யாரும் பேசவே இல்லையே.

மாமா, 9:55
ரப்பர் இல்லை. மிருதுவாக இருந்தது. ஓட்டில் தங்கிய நீரையும் குடித்துவிட்டேன். வெண்ணெய் போட்டதைவிட ஆவியில் வெந்ததுதான் எனக்குப் பிடித்தது.

தம்பி, 9:57
எனக்கு வெண்ணெய் போட்டதும் ஷாப்லியும். சித்தி, உங்களுக்காக அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வாங்குகிறேன்.