செஸ்டர் எம்மன்ஸின் ஆய்வுத் தாக்கத்தை எவ்வாறு நிறுவுவது?

காவேரிப்பட்டணம் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் கிருஷ்ணகிரியில் முதுகலை நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கருத்தரங்க உரைக்கு, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 1936-ல் முதல் மருத்துவப் பூஞ்சையியலாளராகச் சேர்ந்த செஸ்டர் எம்மன்ஸை (1900–1985) எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய ஆய்வுத் தாக்கத்தை நிறுவிக் காட்ட வேண்டும் என்று வழிகாட்டி ஆசிரியர் கூறியதால் அவருடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்ற எண்ணிக்கைகளைத் திரட்டத் தொடங்கினேன். ஆனால் அவர் வருவதற்கு முன் துறை எப்படி இருந்தது, பின் எப்படி மாறியது என்பது அந்த எண்களில் தெரியவில்லை. மாந்தோப்பில் வேலை செய்யும் என் தந்தை, படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசிப் பல மாதங்கள் அவதிப்பட்டதைப் பார்த்த பிறகுதான் இத்துறையைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த உரையைச் சரியாகச் செய்ய விரும்புகிறேன். எதை முதன்மையாகச் சொல்ல வேண்டும்?

தருமபுரி ஆய்வகர்:

வணக்கம் தங்கையே. பதினெட்டு ஆண்டுகளாகத் தோல் சுரண்டல் மாதிரிகளைப் பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: எம்மன்ஸின் 1934-ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன் பாரிஸ் மருத்துவர் சாபரோ 1910-ல் வெளியிட்ட பெருநூலே வழிகாட்டியாக இருந்தது. அதில் நோய் உடலில் எப்படித் தோன்றுகிறது என்பதும் வகைப்பாட்டுக்கு அடிப்படையாக இருந்ததால், படர்தாமரை போன்ற தோல் நோய்களைத் தரும் பூஞ்சைகளின் பெயர்கள் பெருகிக் குழப்பம் மிகுந்திருந்தது. தாவரவியல் பயிற்சி பெற்ற எம்மன்ஸ், நோயாளியின் தோலை ஒதுக்கிவைத்து, பூஞ்சையின் வித்துகளையும் அவற்றைத் தாங்கும் உறுப்புகளையும் மட்டுமே அளவுகோலாகக் கொண்டு, ட்ரைக்கோபைட்டான், மைக்ரோஸ்போரம், எபிடெர்மோபைட்டான் என்ற மூன்று பேரினங்களுக்குள் அவற்றை அடக்கினார்.

இன்றும் என் மேசையில் நடப்பது அதுதான். நீலச் சாயம் விட்டு ஸ்லைடைப் பார்க்கும்போது, பெரிய வித்து கதிர்க்கோல் போல இருமுனையும் கூர்ந்து தடித்த சொரசொரப்பான சுவருடன் இருந்தால் மைக்ரோஸ்போரம். மெல்லிய வழவழப்பான சுவருடன் பென்சில் போல நீண்டிருந்தால் ட்ரைக்கோபைட்டான். சிறு வித்துகளே இல்லாமல், கதாயுதம் போன்ற பெரிய வித்துகள் கொத்தாக நின்றால் எபிடெர்மோபைட்டான். பூஞ்சைகளை வளர்க்கப் பயன்படும் சாபரோ ஊடகத்தில் 4 விழுக்காடாக இருந்த சர்க்கரையை 2 ஆகக் குறைத்து, 5.6 என்ற அமில அளவை (pH) ஏறக்குறைய நடுநிலைக்கு மாற்றிய ஊடகம் எம்மன்ஸின் பெயரிலேயே விற்கப்படுகிறது. அந்தப் புட்டியைத் திறக்கும் எவரும் அவருடைய கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை என்பதால், உங்கள் மேற்கோள் அட்டவணையில் அது ஒருபோதும் ஏறாது.

பென்னாகரம் ஓய்வுபெற்ற பேராசிரியர்:

ஆய்வகரின் விளக்கம் அருமை. ஆயினும் ஒரு திருத்தம் வேண்டும். மூன்று பேரின அமைப்பு இன்று அப்படியே இல்லை. மரபணு வரிசைகளின் அடிப்படையில் 2017-ல் வெளியான வகைப்பாடு, மேலும் சில பேரினங்களைப் பிரித்தெடுத்தது. நாம் மைக்ரோஸ்போரம் ஜிப்சியம் என்று படித்தது இப்போது நன்னிஸியா ஜிப்சியா. இதை மறைக்காமல் சொல்லுங்கள் அம்மா. எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு துறையே நின்று வேலை செய்த தளம் எது என்பது அப்போதுதான் அவையோருக்கு விளங்கும்.

என் பார்வையில் அவருடைய பெரும்பணி மண்ணில்தான் இருக்கிறது. நுரையீரலைத் தாக்கும் ஹிஸ்டோபிளாஸ்மாவைப் பனாமாவில் முதலில் கண்ட மருத்துவர் டார்லிங், அதை ஒரு புரோட்டோசோவா (ஒற்றைச் செல் ஒட்டுண்ணி) என்றே கருதினார். பிற்காலத்தில் அது பூஞ்சை என்று தெளிந்த பின்னும், மனிதருக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி நின்றது. எம்மன்ஸ் 1949-ல் அதை மண்ணிலிருந்து பிரித்தெடுத்தார். மூளை உறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையைப் புறா எச்சத்தில் கண்டதை 1955-ல் வெளியிட்டார். நோயாளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவத்தை, அவர் வாழும் இடத்தையும் பார்க்கச் செய்த ஆய்வுகள் இவை. இன்று கிரிப்டோகாக்கஸ் நோயாளியிடம் புறா வளர்க்கிறீர்களா என்று ஒரு மருத்துவர் கேட்கும்போது, அந்தக் கேள்வியில் எம்மன்ஸ் இருக்கிறார்.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்றும் சேர்க்கலாம். பாதம் வீங்கிப் புண்ணாகும், மதுரைக் கால் என்று பெயர்பெற்ற நோய்க்கு 1860-ல் மைசெட்டோமா என்று பெயரிட்ட மருத்துவர் கார்ட்டர், பூஞ்சையே காரணம் என்றார். வெறுங்காலுடன் வயலில் நடப்பவருக்கு முள் குத்தி மண்ணிலுள்ள கிருமி உள்ளே போகிறது என்பதை, நம் மானாவாரி நிலத்து மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

காவேரிப்பட்டணம் மாணவி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி ஐயா. எண்ணிக்கையை ஒரே வரியில் முடித்துவிட்டு, 1934, 1949, 1955 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் முன்பும் பின்பும் ஆய்வகத்தில் என்ன செய்தார்கள் என்று எழுதப் போகிறேன். 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் சேர்க்கிறேன். ஆய்வகர் அண்ணா, மூன்று வகை வித்துகளின் ஸ்லைடுகளையும் நேரில் பார்க்க இயலுமா?

தருமபுரி ஆய்வகர்:

தாராளமாக வரலாம். ட்ரைக்கோபைட்டான் எப்போதும் இருக்கும். எபிடெர்மோபைட்டான் எங்களுக்கு அரிதாகவே கிடைக்கிறது என்பதால், பாதுகாத்து வைத்துள்ள பழைய ஸ்லைடை எடுத்து வைக்கிறேன்.